பூட்டிய வீட்டுப் பேட்டரிக்கு ஒரு சின்ன பேனல்

மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறி பெங்களூர் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ராத்திரி வீடு திரும்புகிறவர்கள் ஒரு வகை. அங்கேயே அறை எடுத்துத் தங்கி, கோலார் தங்கவயல் வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு, மாதம் ஒருமுறையோ பண்டிகைக்கோ எட்டிப் பார்க்கிறவர்கள் இன்னொரு வகை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடிய பிறகு இந்த இரண்டாம் வகை பெருகிப்போனது. இந்த அத்தியாயம் அவர்களுக்கு.

பூட்டிய வீட்டுக்குள் என்ன இருக்கும்? கூடத்து மூலையில் 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி) இன்வெர்ட்டர் பேட்டரி. திண்ணையில் துணி போட்டு மூடிய ஸ்கூட்டர். சிலரிடம் பின்பக்கம் ஒரு பழைய கார். கிளம்பும்போது மெயின் ஸ்விட்சை இறக்கிவிடுகிறோம். அது சரியான பழக்கம்தான். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து பேட்டரிக்குச் சோறு இல்லை. மூன்று மாதம் கழித்து வந்து இன்வெர்ட்டரைப் போட்டால் கீச்கீச்சென்று கத்தி அணைந்துவிடும். கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்து, "ப்ளேட் போயிடுச்சுண்ணா, புதுசு போட்டுடலாம்" என்பார். புதுசு ஐந்து இலக்க விலை. அந்தச் செலவைத் தடுக்கும் சோலார் பேனலோ உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்தது போல் நாலைந்து மடங்குதான் இருக்கும்.

1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து, பெங்களூருக்கு மூன்று வருஷம் முந்தியே மின்சாரம் வாங்கிய ஊர் இது. அந்த ஊரில் மின்சாரம் இருந்தும் பேட்டரி பட்டினியால் சாவது எனக்குப் பொறுக்கவில்லை. போகட்டும், வேலையைப் பார்ப்போம்.

சும்மா கிடந்தாலும் குறையும்

ஈய-அமில பேட்டரியில் எதையும் மாட்டாவிட்டாலும் சார்ஜ் தானாகக் கசியும். இன்வெர்ட்டருக்கு வைக்கும் ட்யூபுலர் பேட்டரியில் மாதத்துக்கு 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழசானால், வெயில் காலமானால் இது இரட்டிப்பாகும். ஸ்கூட்டரில் இருக்கும் சீல்டு பேட்டரியில் 3 சதவீதம் போல. குறைந்த சார்ஜில் வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் கெட்டியாகப் படியும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அது முழுசாகக் கரையாது. அவ்வளவுதான் தியரி.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. நமக்குப் பேட்டரியை ஓட்டுகிற பேனல் வேண்டாம். கசிவை ஈடுகட்டுகிற பேனல் போதும். இரண்டுக்கும் விலையில் பத்து மடங்கு வித்தியாசம். கடையில் போய் "150 ஏஹெச் பேட்டரிக்கு ஒரு பேனல்" என்று மட்டும் சொன்னால் முதல் வகையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

கடைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

1. ஒரு நாள் கசிவைக் கண்டுபிடியுங்கள். 150 ஏஹெச்சில் மாதம் 5 சதவீதம் என்றால் 7.5 ஏஹெச், நாளுக்கு 0.25. பேட்டரிக்கு மூன்று வயது தாண்டியிருந்தால் 0.5 என்று எழுதுங்கள்.

2. கூடவே மாட்டியிருப்பது என்னென்ன தின்கிறது என்று பாருங்கள். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரே சுமார் 10 மில்லிஆம்ப் இழுக்கும், நாளுக்கு 0.25 ஏஹெச். காரில் அலாரமும் கடிகாரமும் சேர்ந்து 40 மில்லிஆம்ப் இழுத்தால் நாளுக்கு ஒரு ஏஹெச் போய்விடும். எல்லாவற்றையும் விடப் பெரிய திருடன் இன்வெர்ட்டர்தான். மெயின் இல்லாதபோது ஸ்விட்ச் போட்டபடி விட்டால், ஒரு பல்புகூட எரியாவிட்டாலும் நாளுக்குப் பத்து ஏஹெச்சுக்கு மேல் தின்றுவிடும். இதை எந்தச் சின்ன பேனலும் ஈடுகட்டாது. ஆகவே முன்பக்க ஸ்விட்சை அணைத்து, இன்வெர்ட்டருக்குப் போகும் நெகட்டிவ் வயரையும் பேட்டரியிலிருந்து கழற்றிவிட வேண்டும். இந்த ஒரு வரியைச் செய்யாதவர்களுக்கு மீதி அத்தியாயம் வீண்.

3. பேனல் எவ்வளவு கொடுக்கும் என்று பாருங்கள். 10 வாட் பேனல் நல்ல வெயிலில் அரை ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல் கொடுக்கும். நம் ஊரில் வருஷ சராசரியாக நாளுக்கு 5 மணி நேர முழு வெயில் கணக்கு வரும் என்றாலும், மேகம் நிற்கும் செப்டம்பர், அக்டோபரை நினைத்து 4 என்றே போடுங்கள். தூசி, கோணம், சூடு எல்லாவற்றுக்கும் 30 சதவீதம் கழியுங்கள். ஆக 10 வாட் என்றால் நாளுக்கு ஒன்றரை ஏஹெச். 20 வாட் என்றால் 3. 5 வாட் என்றால் முக்கால்.

4. இரண்டையும் ஒப்பிடுங்கள். வரவு, செலவைப் போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும்.

என் முடிவைச் சொல்கிறேன். 150 ஏஹெச் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு, இன்வெர்ட்டரைக் கழற்றிய நிலையில், 10 வாட் சமாளிக்கும். 20 வாட் நிம்மதி. காருக்கு 20 வாட், இல்லையென்றால் நெகட்டிவைக் கழற்றிவிட்டு 10 வாட். ஸ்கூட்டருக்குப் பேனலே வேண்டாம். 5 ஏஹெச் பேட்டரியில் மாதம் 3 சதவீதம் என்பது ஒன்றுமேயில்லை. கன்ட்ரோலர் தின்பது அதைவிடப் பல மடங்கு அதிகம். முழு சார்ஜில் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள், மூன்று மாதம் தாங்கும்.

இதை நான் பணம் கட்டித்தான் கற்றுக்கொண்டேன். முதல் தடவை 10 வாட் பேனலைக் கன்ட்ரோலர் இல்லாமல் நேராக ஸ்கூட்டர் பேட்டரியில் மாட்டிவிட்டுப் போனேன். அரை ஆம்பியர்தானே, என்ன ஆகிவிடும் என்ற நினைப்பு. ஒன்றரை மாதம் கழித்து வந்து பார்த்தால் பேட்டரியின் இரண்டு பக்கமும் இட்லி போல உப்பியிருந்தது. 5 ஏஹெச் பேட்டரிக்கு அரை ஆம்பியர் என்பது, தினமும் வயிறு நிறைந்த பிறகும் வாயில் ஊட்டிக்கொண்டே இருப்பது.

பேனல் வாங்கும்போது

பேனலின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வாட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிடாதீர்கள். பார்க்க வேண்டியது வோல்டேஜ். 12 வோல்ட் பேட்டரிக்கான பேனலில் 36 செல் இருக்கும். வேலை செய்யும் வோல்டேஜ் 18 பக்கம், திறந்த முனை வோல்டேஜ் 22 பக்கம். "12 வோல்ட் பேட்டரிக்கு ஏன் 18?" என்று கேட்பீர்கள். வெயிலில் செல்லின் சூடு 60 டிகிரியைத் தாண்டும்; அந்தச் சூட்டில் 18 என்பது 15 பக்கம் இறங்கிவிடும். பேட்டரி நிறைய 14.4 வேண்டும். மிச்சம் அரை வோல்ட் வயருக்கும் கன்ட்ரோலருக்கும். 18க்குக் கீழே இருக்கும் பேனல் மார்கழியில் வேலை செய்யும், சித்திரையில் சும்மா நிற்கும்.

மொட்டை மாடிகளுக்குப் போடும் 300, 500 வாட் பேனல் உடைசலாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். அவற்றின் வோல்டேஜ் வேறு. சின்ன கன்ட்ரோலர் கருகும்.

கடை வாசலிலேயே சோதித்து வாங்குங்கள்:

1. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, பேனலை வெயிலுக்குக் காட்டி, இரண்டு முனையையும் தொடுங்கள். 20 முதல் 22 வர வேண்டும்.
2. சிவப்பு வயரை மீட்டரின் 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி மறுபடி தொடுங்கள். 10 வாட் பேனல் என்றால் 0.5இலிருந்து 0.6 வரை காட்டும். 0.3 காட்டினால் ஸ்டிக்கர் பொய் சொல்கிறது.
3. சிவப்பு வயரை உடனே வோல்ட் துளைக்கே திருப்புங்கள்.

மூன்றாவதை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து அதே மீட்டரால் பேட்டரியைத் தொட்டால் நேரடி ஷார்ட். மீட்டர் வெடிக்கும், கை சுடும். சின்ன பேனலில் ஷார்ட் ஆனால் ஒன்றும் ஆகாது. பேட்டரியில் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்.

கன்ட்ரோலர்

100 வாட்டுக்குக் கீழே சாதாரண பிடபிள்யூஎம் கன்ட்ரோலரே போதும். எம்பிபிடி வகை வாங்கினால் கூடுதல் காசு, கூடுதலாகக் கிடைப்பது அற்பம். கேட்டு வாங்க வேண்டியவை இரண்டு. பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கும் சீல்டு பேட்டரிக்கும் செட்டிங் வேறு. இரண்டாவது, வெப்பத்துக்கேற்ப வோல்டேஜைக் குறைக்கும் வசதி. 25 டிகிரியில், பேட்டரி நிறைந்த பிறகு பிடித்து வைக்கும் நிலைவைப்பு வோல்டேஜ் 13.6 என்றால், ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் 0.02 முதல் 0.03 வோல்ட் குறைய வேண்டும். தகர ஷீட் கூரைக்கு அடியில் ஏப்ரல் மாதம் 40 டிகிரி ஆகும்போது 13.3 போதும், 13.6இலேயே நின்றால் தண்ணீர் வற்றும்.

லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் இந்த அத்தியாயத்தை விட்டுவிடலாம். அதில் கசிவு மிகக் குறைவு. பாதி சார்ஜில் கழற்றி வைப்பதுதான் அதற்கு நல்லது. முழுசாக நிறைத்து மாதக்கணக்கில் அப்படியே வைத்திருப்பது கெடுதல்.

எங்கே வைப்பது

நம் ஊர் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. பேனலைத் தெற்கு நோக்கி 13 டிகிரி சாய்த்தால் போதும். அதாவது ஒரு முழ நீளப் பேனலின் வடக்கு விளிம்பு ஐந்து விரல் உயர்ந்திருக்க வேண்டும், கொஞ்சம் கூடினாலும் நஷ்டமில்லை. படுக்கையாக வைக்காதீர்கள். மழைத் தண்ணீர் வழிந்தால்தான் தூசி போகும்.

தூசியைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்றுக் காலத்தில் கிளம்பும் புழுதி மாவு மாதிரி மெல்லியது. ஜன்னல் மூடியிருந்தாலும் பாத்திரத்தில் படியும். மேட்டுக் காற்று வந்து சேரும் பக்கத்தில் இருக்கும் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் கணக்கு போட்டு வந்த வாட்டுக்கு அடுத்த அளவை வாங்குவதே புத்திசாலித்தனம். துடைக்கும்போது உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது, கண்ணாடி கீறிவிடும். விடியற்காலையில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் ஊற்றி, ஈரத்துணியால் இழுத்து விடுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

நிழல் இன்னொரு எதிரி. 36 செல்லும் ஒரே சங்கிலி. ஒரு முருங்கைக் கிளையின் நிழல் ஒரு செல்லை மூடினாலும் பாதிக்கு மேல் போய்விடும். காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடத்தில் நின்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்தால் திருடு போகாது, சார்ஜும் ஏறாது.

பழைய வீடுகளில் கூரை தகர ஷீட்டாக இருக்கும், அல்லது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் மேல் ஏறவே ஏறாதீர்கள். பார்க்க உறுதியாக இருக்கும், காலை வைத்ததும் உடையும். அதில் துளையும் போடாதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம். பின்முற்றச் சுவரில் எல் கோண இரும்பு இரண்டை அடித்து அதன்மேல் மாட்டுவது எல்லா வகையிலும் மேல். தெருவிலிருந்து கண்ணுக்கும் படாது.

இணைக்கும் வரிசை

ஆண்டர்சன்பேட்டையில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருப்பார். "மோதிரத்தைக் கழட்டுடா, அப்புறம் பேட்டரியைத் தொடு" என்பதுதான் அவர் சொன்ன முதல் பாடம். அதுவே இங்கும் முதல் படி.

1. மோதிரம், காப்பு, வாட்ச் கழற்றுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் எரியக்கூடியது. பீடி, ஊதுபத்தி, சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம்.
2. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே இன்வெர்ட்டரால் முழு சார்ஜ் ஏற்றுங்கள். சின்ன பேனல் நிறைந்ததைக் காக்கும், காலியானதை நிரப்பாது.
3. சார்ஜ் ஏறிய பிறகு டிஸ்டில்டு வாட்டரைக் குறி வரை ஊற்றுங்கள். போர் தண்ணீர், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது; உப்பு தகட்டைத் தின்றுவிடும்.
4. இன்வெர்ட்டரை அணைத்து, அதன் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். முனையில் டேப் சுற்றுங்கள்.
5. பேட்டரி பாசிட்டிவிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் வயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள். ஃப்யூஸ் பேனலுக்காக அல்ல. வயரை எலி கடித்தால் பேட்டரியால் வீடு பற்றாமலிருக்க.
6. முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலருடன் இணையுங்கள். கன்ட்ரோலர் 12 வோல்ட் என்று புரிந்துகொள்ளும்.
7. பேனலைத் துணியால் மூடி, அதன் வயர்களை இணைத்து, பிறகு துணியை எடுங்கள். சார்ஜ் ஆகும் விளக்கு எரிய வேண்டும்.
8. லோடு முனைகளைக் காலியாக விடுங்கள்.

பிரிக்கும்போது தலைகீழ்: முதலில் பேனல், கடைசியில் பேட்டரி. பேனலை முதலில் மாட்டினால், அல்லது பேட்டரியை முதலில் உருவினால், 20 வோல்ட்டைத் தாங்க இடமில்லாமல் சில மலிவான கன்ட்ரோலர்கள் அங்கேயே உயிரை விடும். பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினாலும் அதே கதி. பேனலுடன் வரும் வயரின் நிறத்தை நம்பாமல் மீட்டரால் பாருங்கள்.

ஐந்து மீட்டர் தூரத்துக்குள் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போதும். ஒரே கன்ட்ரோலரில் இன்வெர்ட்டர் பேட்டரியையும் கார் பேட்டரியையும் சேர்த்துக் கட்டுவது பலர் செய்கிற தப்பு. ஒன்று கெட்டால் இன்னொன்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

அமிலம் கையில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தரையில் சிந்தியதன் மேல் ஆப்பசோடா தூவினால் நுரைத்து அடங்கும்.

படகு வைத்திருப்பவர்களுக்கு

நம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பேத்தமங்கலம் ஏரியைத் தொட்டுப் போகும் பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. அந்தக் கரையில் இருக்கும் என் உறவுக்காரர் ஒருவர் கேட்டதால் இந்தப் பகுதி.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். பூட்டிய வீட்டுக் கணக்கே இங்கும் பொருந்தும்: 100 ஏஹெச் பேட்டரிக்கு, எல்லாவற்றையும் கழற்றிய நிலையில், 10 முதல் 20 வாட். தண்ணீர் வெளியேற்றும் ஆட்டோமேட்டிக் பம்ப் மாட்டியிருந்தால் மட்டும் கணக்கு உடையும்; பம்ப் நாளுக்கு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடலுக்குப் போகும் ஃபைபர் படகில் கதை வேறு. ஜிபிஎஸ் அரை ஆம்பியர் வீதம் பத்து மணி நேரம், வயர்லெஸ் செட், எல்இடி விளக்கு எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரிக்கு 13 ஏஹெச் ஆகிறது என்று வையுங்கள். 13ஐ 4 மணி நேரத்தாலும், பிறகு 0.7ஆலும் வகுத்தால் நாலரை ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். அதாவது 80 வாட்டுக்குக் கொஞ்சம் கூடுதலான பேனல். இங்கே ஃப்யூஸும் 10 ஆம்பியராக வேண்டும்.

உப்புக் காற்றில் பேனலைவிட இணைப்புகள்தான் முதலில் சாகும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் வாங்குங்கள். சாதாரண வயரின் உள்ளே பச்சை பூத்துக் கம்பி பொடியாகிவிடும். ஒவ்வொரு இணைப்பிலும் வாசலின் தடவி, சுருங்கும் ட்யூப் போட்டுச் சூடாக்குங்கள். கன்ட்ரோலரைப் பெட்ரோல் டேங்க் பக்கம் வைக்காதீர்கள். பாய் போல வளையும் பேனல் படகுக்குத் தோதாகத் தெரியும். காற்றோட்டமில்லாமல் தளத்தில் ஒட்டினால் வெந்து குமிழ் விடும். கண்ணாடிப் பேனலைக் கொஞ்சம் உயர்த்தி மாட்டுவதே நீடிக்கும். வலை இழுக்கும் பக்கம் மட்டும் வேண்டாம்.

ஊருக்கு வரும்போது

1. ராத்திரி பேனலை உருவிவிட்டு, காலையில் பேட்டரியை அளவெடுங்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது அளந்தால் நல்ல நம்பர்தான் வரும், அதை நம்பாதீர்கள்.
2. 12.6க்கு மேல்: எல்லாம் சரி. 12.4: பேனலில் தூசியோ நிழலோ இருக்கிறது. 12.2: பாதிதான் இருக்கிறது, மெயினில் முழு சார்ஜ் ஏற்றிவிட்டு ஃப்யூஸையும் வயரையும் பாருங்கள்.
3. தண்ணீர் அளவைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குள் விரல் கணு இறங்கியிருந்தால் கன்ட்ரோலரின் வோல்டேஜ் அதிகம், செட்டிங் மாறியிருக்கும்.
4. இன்வெர்ட்டர் வயரைத் திரும்ப மாட்டும்போது பட்டென்று ஒரு பொறி பறக்கும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் நிறைவதால் வருவது அது. ஜன்னலைத் திறந்து பத்து நிமிடம் காற்றாட விட்ட பிறகே மாட்டுங்கள்.
5. தேதியையும் வோல்டேஜையும் மீட்டர் போர்டுக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதுங்கள். என் வீட்டுச் சுவரில் பதினான்கு வரி சேர்ந்திருக்கிறது, 12.7, 12.7, 12.6 என்று வந்துகொண்டிருந்தது ஒரு தீபாவளிக்கு 12.3 என்று விழுந்தது. ஏறிப் பார்த்தால், பக்கத்து வீட்டு முருங்கை ஒரு முழம் வளர்ந்திருந்தது.